லாத் குடும்பத்துக்கு முன்வரிசை

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை நிறுத்தப்போகிறார்கள் என்பதை எனக்குச் சொன்னது ஓர் அப்பளம். ஜெரின் சார் கணக்குப் போட்ட அந்த வட்டப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். வட்டத்தில் முக்கால் பங்கு நீலம். அது வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய பிரெஞ்சுத் தெருக்கள். கொஞ்சம் பச்சை, வெளிநாட்டுக்காரர்கள். ஓரத்தில் நகத்தால் கிள்ளியது மாதிரி ஒரு மஞ்சள் கீற்று.

“இந்த மஞ்சள்தான் முத்தியால்பேட்ட, கதிர்காமம், தவளக்குப்பம் எல்லாம் சேத்து,” என்றார். “வருஷம் முழுக்க இருபது குடும்பம்கூட வரல மதாம். ஞாயித்துக்கிழமை நாம யாருக்காக ஹாலத் தொறந்து வெக்கிறோம்?”

வெரோனிகா மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நாற்காலி போடுவது அங்கே வழக்கமில்லை.

“ஹால் ரொம்பி வழியுது சார். போன தடவ ஜன்னல் மேல உக்காந்து பாத்தாங்க. ரெண்டு பொம்பளைங்க மேடப் படியில உக்காந்துட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க.”

“அது உன் கண்ணு சொல்றது அமுதா. இது டேட்டா.”

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, பழைய மஞ்சள் கட்டடம். பெயர் ‘ல பால்கோன்’. எங்கள் பக்கத்தில் பால்கனி என்றால்தான் தெரியும். உள்ளே ஓவியம் மாட்ட ஒரு கூடம், நாடகம் போட ஓர் அரங்கு. பணம் பாரீசில் ஓர் அறக்கட்டளையிலிருந்து வருகிறது. மதாம் அதன் இயக்குநர். அவருடைய தாத்தா சைகோனில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மதாம் கெட்டவர் இல்லை. ஹோட்டலாகப் போகவிருந்த கட்டடத்தை ஒற்றை ஆளாக ஆபீஸ் ஆபீசாக ஏறி மீட்டவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவருக்குச் சாப்பாடு, தூக்கம். ஞாயிறு மாலை தன் அரங்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஜெரின் சாருக்கும் தெரியாது. ஞாயிறு அவருக்கு கிரிக்கெட்.

ஞாயிறு மாலை இலவசமாகத் தமிழ் நாடகம். அதற்கு ஆள் சேர்ப்பதற்கென்றே என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நாடகம் போனால் நானும் போகவேண்டியதுதான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.சி.ஏ. படித்தவள். இரண்டாயிரத்து ஏழில் அந்தப் படிப்புக்கு அங்கே கிடைத்த மரியாதை, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையைச் சுற்றுவது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சுற்றினேன், ஆள் வந்தது. அந்த ஆட்களைக் கணக்குப் பண்ணுகிற சாஃப்ட்வேரைத் தொடக்கூடாது என்றார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் புகார்.

சாஃப்ட்வேர் பிரான்சிலிருந்து வந்தது. யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், யாருக்கு எந்த அழைப்பை அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுக்குமாம். ஜெரின் சார் மூன்று மாதம் அங்கே போய்ப் படித்துவிட்டு வந்தார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். வாசலில் கலியபெருமாள் அண்ணன் வருகிறவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார். பெயர், குடும்பப் பெயர், முகவரி, கைபேசி எண். எழுதிப் பெட்டியில் போட்டால் உள்ளே விடுவார். பெட்டி நிறைந்தால் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போகும். அவர்கள் இங்கிலீஷில் அடித்து அனுப்புவார்கள். சாஃப்ட்வேர் அதை விழுங்கும். நடுவில் நான் இல்லை.

“ஜூன்லேர்ந்து ஞாயித்துக்கிழம சாயந்தரம் ஜாஸ் டான்ஸ் கிளாஸ் வெக்கலாம்,” என்றார் ஜெரின் சார். “ஆண்டு விழாவுல நீங்களே அறிவிச்சிடுங்க மதாம். பாரீஸ்லேர்ந்து டிரஸ்ட் பெரியவரும் வராரு.”

பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“ஆனா ஒரு நல்ல விஷயம் இருக்கு. அந்த மஞ்சள்லயும் ஒரே ஒரு குடும்பம், அஞ்சு நட்சத்திரம்! ஒரு ஞாயிறுகூட விடல. நம்ம மொத்த லிஸ்ட்லயே முதல் இடம். ஃபமீய் லாத், லாத் குடும்பம்.”

“லாத்?” மதாம் நிமிர்ந்தார். “சைகோன்ல இருந்த லாத்தா? எங்கம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். இங்கயா இருக்காங்க இன்னும்?”

“முத்தியால்பேட்ட அட்ரஸ் மதாம்.”

“ஐயோ பாவம். நொடிச்சுப் போயிருப்பாங்க. அவங்களக் கூப்பிடணும். முன்வரிசை குடு.”

விசுவாசமான குடும்பங்களுக்கு ஏற்கெனவே ஓர் அட்டை அனுப்பியிருந்தார்களாம். ஒரு வருடத்துக்கு எந்த நிகழ்ச்சிக்கும் குடும்பத்தோடு வரலாம். இப்போது லாத் குடும்பத்துக்கு மட்டும் நேரில் போய் அழைப்பு வைக்கவேண்டும். நேரில் போகிற வேலை யாருக்கு? மைக் கட்டிய ஆட்டோக்காரிக்குத்தான்.

வழியெல்லாம் யோசித்தேன். ஞாயிறு வருகிறவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். லாத் என்று ஒருத்தரைக் கேள்விப்பட்டதில்லை. பிரெஞ்சு வழி வந்த சட்டைக்கார வீடு மாதிரி, சுவரில் சிப்பாய் படம், அலமாரியில் பீங்கான் என்று எதிர்பார்த்துப் போனேன். இருந்தது ஒரு தையல் மிஷின். அதன் பின்னால் வாயில் நூலோடு ஓர் அம்மா.

“பால்கனிலேர்ந்து வரேங்க. லாத் குடும்பம் இந்த வூடுங்களா?”

“லாத்தும் இல்ல கீத்தும் இல்ல. இது ராஜாம்பா வூடு. ஜாக்கெட் தெக்கிறவ.” நூலைக் கடித்துத் துப்பினார். பிறகு எழுந்தார். “இரு. எங்கேர்ந்து வரேன்ன? பால்கனியா? அந்தச் செவப்பு கார்டு அனுப்பனது நீங்கதானா? உள்ள வா. உங்களத்தான் தேடிட்டிருக்கேன்.”

தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினார். சிவப்பு அட்டை. மேலே பிரெஞ்சில் ‘கார்த் ஃபமீய்’. கீழே கொட்டை எழுத்தில் தமிழ்: குடும்ப அட்டை.

குடும்ப அட்டை என்றால் இந்த ஊரில் ரேஷன் கார்டு. சிவப்பு என்றால் இல்லாதப்பட்டவர்களுக்கு, மஞ்சள் என்றால் வசதி உள்ளவர்களுக்கு. மொழிபெயர்த்தவருக்கு இது தெரியவில்லை. நிறம் தேர்ந்தெடுத்தவருக்கும் தெரியவில்லை. இரண்டும் ஜெரின் சார்தான். அவர் வீட்டில் ரேஷன் வாங்குவது வேலைக்கார அம்மாவாக இருக்கும்.

“எனக்கு மஞ்ச கார்டும்மா,” என்றார் ராஜாம்பாள். “அவரு போனதுலேர்ந்து செவப்புக்கு மாத்திக் குடுங்கன்னு மனு மேல மனு. தபால்ல இது வந்ததும் கெடச்சிடுச்சின்னே நெனச்சிட்டேன். பை எடுத்துட்டுக் கடைக்குப் போய் நின்னேன். அந்தாளு இத வாங்கிப் பாத்துட்டு, வரிசைல நிக்கிற அத்தன பேருக்கும் தூக்கிக் காட்டறான். ‘யக்கா, இதுக்கு அரிசி போட மாட்டாங்க, கூத்து போடுவாங்க’ன்றான். சிரிக்கிறானுங்க எல்லாரும். நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. நீயே சொல்லு, எதுக்குடி எனக்கு இத அனுப்பனீங்க?”

அட்டையைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் குடும்பத்தின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்தேன். எல்-ஏ-டி-இ.

பிரெஞ்சுக்காரர் படித்தால் லாத். நமக்கு அது லேட்.

“அம்மா, வாசல்ல சீட்டு குடுத்தாங்களே, அதுல குடும்பப் பேருன்ற எடத்துல என்னா எழுதனீங்க?”

“குடும்பத்துக்கு ஏதும்மா பேரு? குடும்பத் தலைவரக் கேக்கறாங்கன்னு லேட் ஜானகிராமன்னு எழுதனேன். உசுரோட இல்லாதவரு பேர மொட்டையா எழுதலாமா?”

எழுதக்கூடாதுதான். நாங்கள் யாரும் எழுதமாட்டோம். எங்களுக்குத் தெரிந்த ஃபாரம் எல்லாம் சர்க்கார் ஃபாரம். அதில் அப்பா செத்திருந்தால் லேட் போடவேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுப்பான். பத்தாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதி எனக்குக் கையே தானாக ஓடும்: அமுதவல்லி, த/பெ லேட் சாமிக்கண்ணு. வேலையில் சேர்வதற்கு முன்னால் பால்கனியில் நாடகம் பார்க்க வந்து, நானும் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறேன். அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்பா இல்லாதவர்கள், புருஷன் இல்லாதவர்கள், ஞாயிறு நாடகத்துக்கு வந்த அத்தனை பேரையும் அந்தச் சாஃப்ட்வேர் ஒரே குடும்பம் ஆக்கிவிட்டது. கட்டத்தில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது: ஒரே பெயர், ஒரே வீடு. முதலில் சீட்டு எழுதிய ராஜாம்பாள் குடும்பத் தலைவி. அப்பா உயிரோடு இருப்பவர்களும் தப்பவில்லை. கிருஷ்ணசாமிகள் எல்லாம் ஒரு குடும்பம், சாமிக்கண்ணுகள் எல்லாம் ஒரு குடும்பம். அதுதான் இருபதுகூடத் தேறாத மஞ்சள் கீற்று.

முன்வரிசை அழைப்பை ராஜாம்பாள் கையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். சைக்கிள் மிதித்த வேகத்தில் செயின் கழன்று, கையெல்லாம் கிரீஸ். அதோடு ஆபீசுக்குள் நுழைந்தேன்.

ஜெரின் சார் முழுதாகக் கேட்டார். முகம் கொஞ்சம் வெளுத்தது. அவ்வளவுதான்.

“இது என்ட்ரி ப்ராப்ளம். சாஃப்ட்வேர் ப்ராப்ளம் இல்ல.”

“ஒரே பேர் இருந்தா ஒரே குடும்பம்னு அதுக்கு யாரு சார் சொன்னது? அட்ரஸப் பாக்காதா?”

“பாக்கும். நான்தான் அத ஆஃப் பண்ணேன். உங்காளுங்க அட்ரஸ் எழுதற லட்சணம் அப்படி. ‘மாரியம்மன் கோயில் பின்புறம், தண்ணி டேங்க் எதிரில்’. இத எந்த சாஃப்ட்வேர் படிக்கும்?”

“தபால்காரரு படிக்கறாரே சார்!”

“கத்தாத அமுதா,” என்றார் மதாம்.

அவரிடம் திரும்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. அவர் ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திருகித் திருகிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ரிப்போர்ட் பாரீசுக்குப் போயிடுச்சு. இப்ப தப்புன்னு எழுதினா, இவங்களுக்கு எண்ணவே தெரியலன்னு மொத்தமா கைய விரிச்சிடுவாங்க. உன் நாடகம் மட்டும் இல்ல, இந்தக் கட்டடமே போயிடும். புரியுதா? விழா முடியட்டும். அடுத்த வருஷம் சரி பண்ணலாம்.”

“அடுத்த வருஷம் நாடகம் இருக்காதே மதாம். நானும் இருக்க மாட்டேன்.”

மதாம் பேனா மூடியை மறுபடி திருகினார்.

“அந்த அம்மா?” என்றேன். “முன்வரிசைன்னு அழைப்பு குடுத்துட்டேன்.”

“வரவேண்டாம்னு சொல்லிடு. பக்குவமாச் சொல்லு. ஒரு நல்ல புடவை வாங்கிக் குடுத்துடலாம்.”

ஜாக்கெட் தைக்கிற அம்மாவுக்குப் புடவை. ஒரு தடவை ரேஷன் கடையில் நின்று அவமானப்பட்டவரிடம் போய், முன்வரிசையும் உனக்கில்லை என்று பக்குவமாகச் சொல்லவேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று யாராவது எனக்குக் கற்றுக்கொடுத்தால் தேவலை.

நான் போகவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ஜெரின் சாருக்குத் தலைக்கு மேல் வேலை. விளக்கு வரவில்லை, ஒயின் கிளாஸ் வரவில்லை. ஓடிக்கொண்டே ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டைக் கிறுக்கி என்னிடம் கொடுத்தார். “சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். ரிமைண்டர் தட்டி விட்டுடு. மெசேஜ் ரெடியா இருக்கு, சென்ட் மட்டும் அழுத்து. வேற எதையும் தொடாத.”

உட்கார்ந்தேன். முதல் முறையாக அந்த சாஃப்ட்வேருக்கு முன்னால். குடும்பங்களைக் குறித்தேன். சென்ட் அழுத்தியதும் அது ஒரு கேள்வி கேட்டது. குடும்பத் தலைவருக்கு மட்டுமா? குடும்ப உறுப்பினர் அனைவருக்குமா? இரண்டு சின்ன வட்டங்கள். முதல் வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி இருந்தது.

லாத் குடும்பத்தைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. துர்கா, லேட். வேம்பு, லேட். விஜய், லேட். ஸ்டெல்லாமேரி, லேட். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், மில் மூடியபின் பெயின்ட் அடிக்கப் போகிறவர், கதிர்காமத்து நர்சம்மா. நடுவில் எங்கோ அமுதவல்லி, லேட். எங்கப்பாவுடைய பெயரை அது வெட்டி எறிந்துவிட்டு, செத்துப்போனதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வட்டத்தில் புள்ளியை வைத்து அழுத்தினேன். வேறு எதையும் தொடவில்லை.

விழா அன்று சாயங்காலம் கார்கள் வந்தன, மணக்கிற ஆட்கள் இறங்கினார்கள். கலியபெருமாள் அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை, கையில் ஜெரின் சார் அடித்துக் கொடுத்த தாள். முன்வரிசையில் நான்கு நாற்காலிகளில் ‘ஃபமீய் லாத்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்க ஜெரின் சார் மறந்திருந்தார்.

முதலில் ராஜாம்பாள் வந்தார், ஊதாப் பட்டில். கையில் சிவப்பு அட்டை. அவருக்குப் பின்னால் டூவீலர்கள். அதற்குப் பின்னால் தவளக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய ஒரு கூட்டம், பூ வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளைகளோடு, தூக்குப் பாத்திரத்தோடு. ஒவ்வொருவர் கையிலும் போன், திரையில் அந்த மெசேஜ்.

“எந்தக் குடும்பம்?” என்று கேட்டார் கலியபெருமாள் அண்ணன், தாளைப் பார்த்துக்கொண்டே.

“போன்ல லேட் குடும்பம்னு வந்துது.”

“ரைட்டு, உள்ள போ. நீங்க?”

“நாங்களும் லேட்டுதான்.”

“மணி எட்டாச்சு, லேட்டுதான். போ போ. நீயுமா கெழவா? எம்மாம் பெரிய குடும்பம்டா சாமி இது!”

ஜெரின் சார் ஓடி வந்தார். “யாரு இவங்கல்லாம்? ஏன் விடுற?”

“லாத் குடும்பம் சார். ‘குடும்பத்தினர் அனைவருக்கும் அனுமதி, முன்வரிசை’ன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?” தாளை நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அது நடிப்பா, நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜெரின் சார் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். “சென்ட் மட்டும்தான் சார் அழுத்துனேன்.”

அரங்கு நிறைந்தது. நாற்காலி தீர்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஜன்னலில். ஒயின் கிளாஸ் வைத்திருந்த மேசையை நகர்த்தி ஒருத்தர் பிள்ளைகளை உட்காரவைத்தார். பாரீசிலிருந்து வந்த பெரியவர் எழுந்து நின்று பார்த்துவிட்டு, மதாமிடம் ஏதோ கேட்டார். மதாம் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு சிரித்தபடி பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல்தான், குடும்பம், ஞாயிறு. பெரியவர் நேராக ராஜாம்பாளிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இவரு என்னாம்மா சொல்றாரு?” என்றார் ராஜாம்பாள் என்னிடம்.

“பெரிய குடும்பம்ன்றாரு.”

“அது கெடக்கட்டும். என் செவப்பு கார்டு விஷயத்த அவரு காதுல போடு.”

போட்டேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவர் தலையாட்டினார், மறுபடி கைகுலுக்கினார், போய் உட்கார்ந்தார்.

ஜாஸ் அறிவிப்பு வரவில்லை. ஞாயிறு நாடகம் அடுத்த வருடமும் தொடரும் என்று மதாம் மேடையில் சொன்னபோது அடித்த விசிலில் சாளரக் கண்ணாடி அதிர்ந்தது.

திங்கட்கிழமை எனக்கு நாற்காலி போடப்பட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

“உன் ஒப்பந்தம் புதுப்பிச்சாச்சு,” என்றார் மதாம். “ஆனா நீ இனிமே கம்ப்யூட்டரத் தொடக்கூடாது. வாசல்ல சீட்டு எழுதி வாங்கற வேல. சரியா எழுத வெக்கறது உன் பொறுப்பு.”

பாரீசுக்கு ஜெரின் சார் இன்னொரு ரிப்போர்ட் அனுப்பினார். அதன் தலைப்பைக் கலியபெருமாள் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்: மென்பொருளின் உதவியால் கண்டறியப்பட்ட புதிய பார்வையாளர்கள். அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “மெஷினு கண்டுபுடிச்சிச்சாமா? நல்லா இருக்குது போ.” பாஸ்வேர்டு மாறிவிட்டது. சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் அப்படியே இருக்கிறது. அதை எடுத்தால் சாஃப்ட்வேர் வேலை செய்யாதாம். வெறுமனே விட்டாலும் ஏற்காதாம். ராஜாம்பாளுக்கு இன்னும் மஞ்சள் கார்டுதான்.

இப்போது ஞாயிறுதோறும் வாசலில் மேசை போட்டு உட்கார்கிறேன். முன்வரிசையில் ‘ஃபமீய் லாத்’ காகிதத்தை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. போன வாரம் சட்டையை இன் பண்ணிய ஓர் ஆள், பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“குடும்பப் பேருன்னு கேக்குதே, என்னா எழுதறது?”

“லேட்டுன்னு எழுதுங்க.”

“ஏய்! எங்கப்பா குத்துக்கல்லு மாதிரி வூட்ல உக்காந்திருக்காரு!”

“இருக்கட்டும் சார். எழுதினா முன்வரிசை.”

முறைத்தார். பின்னால் வரிசை நெருக்கியது. உள்ளே முதல் மணி அடித்தது. அவர் எட்டி முன்வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தினி பேரு வரலாம்?” என்றார்.